மானிப்பாயில் ஒரு வைத்தியர்

கடல் கடந்து அயல்நாட்டில் வாழ்வோர் பல திறத்தினர். பொருள் தேடிச் செல்வோர் சிலர். அரசாணை ஏற்றுச் செல்வோர் சிலர். கல்வி வேண்டிச் செல்வோர் சிலர். தாம் கற்ற கல்வியைப் பிறர்க்குப் பயன்படுத்தி வருவோம் என்று செல்வோர் மிகச் சிலரே. இளைஞரை இவ்வாறு தொண்டுக்கு அனுப்பும் இயக்கம் பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்காவில் சமாதானத் தொண்டர் படை 1961ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் இளைஞர் சிலர் 1962ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து கற்பித்தனர். இவ்வியக்கங்கள் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே, இருபத்தைந்து வயது நிரம்பும் வேளையில் யாழ்ப்பாணத்துக் கரையில் வந்திறங்கிய இளைஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அயல்நாட்டுத் தொண்டர் ஒருவர் வந்து சில காலம் உழைத்துவிட்டுத் திரும்புகிறார். அவர் போனபின் அவ்வூரில் எஞ்சுவது யாது? இக்கேள்வி இன்றும் தொண்டு நிறுவனங்கள் யாவற்றையும் எதிர்நோக்குகின்றது. கிறீனின் வாழ்க்கை இக்கேள்விக்குத் தெளிவான ஒரு விடையைத் தருகின்றது. அவ்விடையிலுள்ள இடர்ப்பாட்டையும் ஒளியாது காட்டுகின்றது.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். ஊர்ப்புறத்தில் இருந்த அவர்களது குடும்ப நிலத்துக்குக் கிறீன் மேடு என்று பெயர். அவருடைய தமையனாரான அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் நடுப்பூங்காவை உருவாக்குவதில் முன்னின்று, அப்பெருநகரை ஒன்றுபடுத்தியவர் என்னும் புகழும் பெற்றார். தம்பி நியூயோர்க்கிலே மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். நகரிலே தொழில் நடத்திப் பொருளீட்ட வழி இருந்தது. அவர் அமெரிக்க மிஷன் சங்கத்தாரிடம் தம்மை ஒப்படைத்து, யாழ்ப்பாணத்துக்குச் செல்ல இசைந்தார்.

1847ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பொஸ்டன் துறைமுகத்தில் அவர் பாய்க்கப்பல் ஏறினார். சுயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்து, செப்டெம்பர் மாதத்திலே சென்னையை அடைந்தது. அங்கிருந்து மீண்டும் கடல்வழியே வந்து, ஒக்டோபர் மாதத்தில் பருத்தித்துறையில் இறங்கினார். அவர் புறப்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர்தான், அதே பொஸ்டன் நகர வைத்தியசாலையில், ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நோயாளி ஒருவருக்கு நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்து காட்டியிருந்தனர். மருத்துவ உலகில் ஒரு புதிய ஊழி பிறந்த தறுவாயில் அவர் தாய்நாட்டை விட்டு வந்தார் எனலாம்.

அவர் வந்து சேர்ந்த நாடு எத்தகையது? சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த சமதரை; எங்கு நோக்கினும் பனை; கிடுகு வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. குடிக்கவும் குளிக்கவும் பயிருக்கு இறைக்கவும் கிணறுகளே கதி. புகைவண்டி யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1905ஆம் ஆண்டிலேதான். ஆகையால் அக்காலத்தில் தென்னிலங்கையோடு இருந்த தொடர்பினும், பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள தமிழகக் கரையோடு தோணி வழியாக இருந்த தொடர்பு நெருங்கியதாக இருந்தது.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு 1816ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டனர். வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டில் அவர்கள் அமைத்த செமினரி உயர்கல்விக்குப் பெயர்பெற்று விளங்கியது. பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியரும், பின்னர் வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட் என்னும் வைத்தியரும் பணிசெய்திருந்தனர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848ஆம் ஆண்டில் மானிப்பாய்க்குச் சென்றார்.

மானிப்பாய் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிலுள்ள கிராமம். ஆயினும் அது வெறுங் கிராமமன்று. 1834ஆம் ஆண்டு முதல் அங்கே ஓர் அச்சுக்கூடம் நடந்துவந்தது. 1841ஆம் ஆண்டிலே தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்து 1842ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியை, அச்சிட்ட ஊர்ப் பெயராலே மானிப்பாய் அகராதி என்றும் வழங்குவர். வைத்தியர் ஒருவர் வந்து அமர்ந்த இடத்தில் அகராதியும் அச்சும் முன்னரே வந்து அமர்ந்திருந்தன. கிறீனின் பிற்காலப் பணிக்கு இது பேருதவியாயிற்று.

வந்த இளைஞருக்கு முதற்கடமை தமிழ் கற்பதாயிற்று. வைத்தியனுக்கு மொழி வெறும் அணிகலன் அன்று. நோய் இன்னதென அறிவதற்கு நோயாளியின் வாய்மொழியே முதற் கருவி. வயிறு உளைகிறது, நெஞ்சு கரிக்கிறது, கை விறைக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்று நோயாளி சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயின் வழியைக் காட்டும். மொழிபெயர்ப்பவர் இடையில் நின்றால் அவை யாவும் 'நோகின்றதாம்' என்ற ஒரே சொல்லாய்ச் சுருங்கிவிடும். பெண்களோ அயலவர் ஒருவர் கேட்க நோயைச் சொல்லவே நாணுவர். தமிழ் அறியாத வைத்தியன் யாழ்ப்பாணத்தில் அரை வைத்தியனே என்பதைக் கிறீன் விரைவில் உணர்ந்தார்.

மிஷன் வைத்தியசாலையில் வேலை காலையிலேயே தொடங்கும். சுற்றுக் கிராமங்களிலிருந்து நோயாளிகள் நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்து விறாந்தையிற் கூடுவர். மருந்து கொடுக்குமுன் வேதவாசிப்பும் செபமும் நடைபெறும். கிறீன் தமது சமயத்தைப் பரப்புவதையும் தம் கடனாகக் கொண்டவர். அதனை அவர் மறைக்கவுமில்லை. கேட்க வந்தவர் பெரும்பாலோர் மருந்துக்காகவே வந்தனர் என்பதும் மறைக்க வேண்டாத உண்மையே. சைவ ஆசாரம் மிக்க மக்கள் அயல்நாட்டார் கையால் நீர் கலந்து தரும் மருந்தை உட்கொள்ளத் தயங்குவது இயல்பு. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் கட்டியை அறுப்பதும் கண்ணால் காணத்தக்க பயன் தந்தன. நம்பிக்கை முதலில் வைத்தியனின் கத்தி வழியாக வந்து, பின்னரே மருந்துப் போத்தலுக்குச் சென்றது என்று சொல்லலாம்.

அவ்வூரில் வைத்தியர் இல்லாமல் இல்லை. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய பழைய வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்தரசர் பெயரால் வழங்குவன. அவற்றை ஏட்டிலிருந்து பரம்பரையாகக் கற்ற பரியாரிமார் ஊர்தோறும் இருந்தனர். நாடி பார்ப்பதிலும் மூலிகையின் குணம் அறிவதிலும் அவர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் உடலினுள் இரத்தம் ஓடும் வழி, பிரசவத்தில் குழந்தை குறுக்காக வந்தாற் செய்யத்தக்க முறை, முறிந்த எலும்பு துருத்திக்கொண்டிருக்கையிற் செய்ய வேண்டிய சத்திரவேலை ஆகியவற்றில், உடலை அறுத்தாய்ந்து கற்ற புதிய மருத்துவம் தர வல்லது வேறாக இருந்தது. ஓர் ஊரின் பழைய அறிவுக்கும் புதிய அறிவுக்கும் நடுவே பாலம் ஒன்று வேண்டியிருந்தது.

பகற்பொழுதில் வைத்தியசாலை, அழைப்பு வந்தால் நோயாளியின் வீடு. கிறீனின் பயணங்கள் பெரும்பாலும் குடாநாட்டுக்குள்ளேயே அமைந்தன. ஆயினும் அவை எளியன அல்ல. கோடையில் வெண்மணலும் சுண்ணாம்புத் தூளும் கண்ணைக் கூசச் செய்யும். மாரியில் மானிப்பாய்க்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையே வழுக்கையாறு பெருகி வயலெல்லாம் வெள்ளக்காடாகும். தீவுப் பகுதிக்குத் தோணியை நம்ப வேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்திலோ, நெடுங்காலம் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் டைக் துரையின் முயற்சியால், ஏழைகளுக்கான வைத்தியசாலை ஒன்று 1850ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. கிறீனும் அவர் மாணவரும் அதற்குத் துணைநின்றனர். இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் முதல் வித்து அதுவே.

இரவில் கடிதம் எழுதுவது அயல்நாட்டு வாழ்வின் ஒரு கூறு. வூஸ்டருக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரவும் விடை வரவும் மாதக்கணக்காகும். வீட்டிற் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்து பழகிப்போன பின்னரே செய்தி வந்தெட்டும். அவருடைய கடிதங்கள் அவர் மறைவுக்குப் பின்னர் 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நூலாகத் தொகுக்கப்பட்டன; அவரது வாழ்க்கையை நாம் இவ்வளவு அறிய முடிவது அக்கடிதங்களாலேயே.

ஒரே வைத்தியன் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? குடாநாடு முழுதும் நோய். மானிப்பாயில் ஒரு மனிதர். இக்கணக்கை நன்கு அறிந்த கிறீன், 1848ஆம் ஆண்டிலேயே சில இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அதே 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இருவரும் 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். சமயத்தில் இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள். ஆயினும் அரிய பொருளைத் தமிழ் உரைநடையிலே தெளிவாக எழுதி, அச்சிட்டு, பள்ளியில் வைத்துக் கற்பிக்கலாம் என்னும் நம்பிக்கை இருவர்க்கும் பொதுவாக அமைந்தது. அக்கால யாழ்ப்பாணத்தின் சிறப்பு அது.

கிறீனின் முதல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. செமினரியில் ஆங்கிலம் கற்ற மாணவர் கிடைத்தனர். கற்பித்தலும் எளிதாயிற்று. ஆனால் சில ஆண்டுகளில் ஓர் உண்மை புலப்படலாயிற்று. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் கிராமத்தில் நிற்கவில்லை. அரசாங்கச் சம்பளமும் பதவியும் அவர்களை அழைத்தன. அவர்கள் மீது குற்றம் சொல்வதற்கில்லை. கற்ற கல்விக்கு விலை கிடைக்கும் சந்தையை நாடுவது உலகியல்பு. ஆனால் எந்தக் கிராமத்துக்காக வகுப்புத் தொடங்கப்பட்டதோ அந்தக் கிராமம் வைத்தியரின்றியே இருந்தது. கொடுத்த கல்வியே மாணவரை ஊரிலிருந்து கொண்டுபோகும் தோணியாயிற்று.

இக்கவலை கிறீன் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலக் கல்வி மாணவரை உத்தியோகத்துக்கே அனுப்புகின்றது என்று கருதிய அமெரிக்கச் சங்கத்தார், தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தலாயினர். 1855ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்பட்டது. பலர் இம்முடிவை வருந்தினர். எனினும் மருத்துவத்தைத் தமிழிலே கற்பிப்பது என்னும் எண்ணத்தைச் சங்கத்தின் கட்டளையாகக் கொள்ளாது, தம் வாழ்நாட் கொள்கையாகவே கொண்டார் கிறீன்.

உடல்நலம் குன்றிய நிலையில் பத்தாண்டுச் சேவைக்குப் பின் அவர் தாய்நாடு திரும்பினார். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலத்தில், 1862ஆம் ஆண்டில், திருமணம் செய்துகொண்டு அவ்வாண்டிலேயே மனைவியோடு மானிப்பாய்க்கு மீண்டார். 1864ஆம் ஆண்டு முதல் வகுப்பைத் தமிழில் நடத்தலானார்.

தமிழில் மருத்துவம் கற்பிப்பது என்று சொல்வது எளிது. செய்வது எத்துணை அரிது என்பதற்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். நரம்பு என்று பேச்சுவழக்கிற் சொல்கிறோம். கையில் நீலமாய்ப் புடைத்துத் தெரியும் குழாயையும் நரம்பு என்கிறோம். தசையை எலும்போடு பிணிக்கும் நாரையும் நரம்பு என்கிறோம். உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் இழையையும் நரம்பு என்கிறோம். பேச்சில் இதனாற் கேடில்லை. சத்திரம் ஏந்தி நிற்கும் மாணவனுக்கோ, ஒன்றை அறுத்தால் இரத்தம் பெருகும். மற்றொன்றை அறுத்தால் விரல் மடங்காது. இன்னொன்றை அறுத்தால் உணர்ச்சி அற்றுப்போகும். மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும். நூல் முழுதும் அப்பெயர் மாறாதிருத்தல் வேண்டும். இவ்வாறு உடலின் ஒவ்வோர் எலும்புக்கும், தசைக்கும், நாளத்துக்கும், நோய்க்கும், மருந்துக்கும் பெயர் காணவேண்டியிருந்தது.

இதற்குக் கிறீன் ஓர் ஒழுங்கு வகுத்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று தேடுவது. இல்லையெனில் வடமொழியிலிருந்து எடுப்பது. அதுவும் பொருந்தாதெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தி எழுதுவது. பிற்காலத்துக் கலைச்சொற் குழுக்கள் பலவும் விவாதித்த வினாக்களை, நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரு வைத்தியர் தம் மேசையில் வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார். சொற்களை மனம்போனபடி ஆக்காமல் பட்டியல்களாகத் தொகுத்து அச்சிடவும் செய்தார்.

நூல்களின் வரிசை அவரது உழைப்பின் அளவைக் காட்டும். அமெரிக்கப் பள்ளிகளில் வழங்கிய கட்டரின் உடல்நூலைத் தழுவிய அங்காதிபாத நூல் 1852ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. 1857ஆம் ஆண்டில் பிரசவ வைத்தியம் வந்தது. 1867ஆம் ஆண்டில், ட்ரூயிற் என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியரின் நூல் இரண வைத்தியம் என்னும் பெயரில் வந்தது. 1872ஆம் ஆண்டில் இரண்டு பெருநூல்கள் வெளியாயின. ஒன்று, கிரே முதலியோரின் நூல்களைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம். மற்றொன்று, ஹூப்பரின் மருத்துவ நூலைத் தழுவிய வைத்தியாகரம். இலண்டன் வைத்தியரான கிரேயின் நூல் முதன்முதல் அச்சானது 1858ஆம் ஆண்டில். பதினான்கு ஆண்டுகளுக்குள் அதன் பொருளை மானிப்பாய் மாணவன் தமிழிற் படித்தான். 1875ஆம் ஆண்டில் கெமிஸ்தம் என்னும் வேதிநூலும், 1883ஆம் ஆண்டில் மனுஷ சுகரணமும் வந்தன. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்படும்.

இவ்வளவையும் ஒருவரே செய்யவில்லை என்பது முக்கியமானது. சப்மன், டான்போத், சுவாமிநாதர் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பங்கு கொண்டனர். சப்மன், டான்போத் என்ற பெயர்களைக் கேட்டு அவர்களை அமெரிக்கர் என்று கருதலாகாது. அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர். மிஷன் பள்ளியிற் படித்தோருக்கு, பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். கிறீன் பொருளைத் தந்தார். மாணவர் தமிழைத் தந்தனர். முன்னவர் கற்பித்தாரா, பின்னவர் கற்பித்தனரா என்று பிரித்தறிய இயலாதபடி அவ்வேலை நடந்தது.

மாணவர் தமிழராகவே இருக்கவேண்டும் என்பதிலும் கிறீன் உறுதியாயிருந்தார். சமயம் மாறியவர் உடையையும் நடையையும் மாற்றி ஐரோப்பியர் போலத் தோன்றுவதை அவர் விரும்பவில்லை. ஊரவர் தம்மில் ஒருவராக ஏற்றுக்கொள்ளும் வைத்தியனே ஊரவர் வீட்டினுள் அழைக்கப்படுவான். படுக்கையருகே அமர்ந்து அவன் சொல்வதே கேட்கப்படும். இதனை அவர் சமயக் கருத்தாக மட்டும் கொள்ளவில்லை. மருத்துவ முறையாகவும் கொண்டார்.

இதன் அருமை கொள்ளைநோய்க் காலத்தில் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பன்முறை வருத்திற்று. அந்நோய் அசுத்த நீரின் வழியே பரவுகின்றது என்று ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் 1854ஆம் ஆண்டில் இலண்டனில் எடுத்துக்காட்டினார். அதனை உலகம் முற்றாக ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் சென்றன. யாழ்ப்பாணத்து நிலமோ சுண்ணாம்புக் கல். மேலே விழும் அழுக்கு வெடிப்புகள் வழியே விரைந்து நிலத்தடி நீரிற் கலந்துவிடும். ஒரு வளவின் மலசலம் அடுத்த வளவின் கிணற்றை அடைய நெடுநேரம் ஆகாது. இத்தகைய நாட்டில் நோய் தொடங்கிய அன்றே, அவ்வொழுங்கையிலேயே, மக்கள் மொழியில் எச்சரிக்கை சொல்ல ஒருவர் வேண்டும். பட்டினத்தில் இருக்கும் பெரிய வைத்தியரிடம் செய்தி போய் அவர் வருவதற்குள் நோயாளி நீர் வற்றி இறந்துவிடுவான். கிராமத்தில் நிற்கும் வைத்தியன் என்னும் கிறீனின் கருத்துக்கு நாட்டின் நிலவமைப்பே சான்று பகர்ந்தது எனலாம்.

ஆயினும் காலத்தின் ஓட்டம் வேறு திசையிற் சென்றது. 1870ஆம் ஆண்டில் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அங்கே போதனைமொழி ஆங்கிலம். அரசாங்க உத்தியோகமும் அதன் வழியே கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் தம் மக்களுக்கு ஆங்கிலக் கல்வியையே வேண்டினர். அவ்வேட்கையின் பயனாக, 1872ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. மனுஷ அங்காதிபாதம் தமிழில் அச்சேறிய அதே ஆண்டு அது. தந்தையார் மகனுக்கு எதனை விரும்புவார் என்பதும், கிராமத்துக்கு எது வேண்டும் என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தமிழில் மட்டும் கற்ற வைத்தியனுக்கு மற்றொரு குறையும் இருந்தது. மருத்துவம் ஆண்டுதோறும் வளரும் கலை. புதிய நூல்கள் மேன்மேலும் தமிழுக்கு வந்துகொண்டிராவிடின், கற்றது விரைவிற் பழையதாகிவிடும். ஒரு வைத்தியரும் சில மாணவரும் எத்தனை காலம் அச்சுமையைத் தாங்க இயலும்?

1873ஆம் ஆண்டில் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு மீண்டும் தாய்நாட்டுக்குச் சென்றார். இடையிலே தாய்நாட்டிற் கழித்த காலம் நீங்க, ஏறத்தாழ இருபத்தோராண்டுகள் அவர் குடாநாட்டில் வாழ்ந்திருந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவரிற் பாதிப் பேருக்கு மேல் தமிழிலேயே பயின்றவர்கள். அமெரிக்கா சென்றும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் வெளிவந்தது அவர் யாழ்ப்பாணத்தை விட்ட பின்னரே. பனி மூடிய கிறீன் மேட்டில் அமர்ந்து, கடல் கடந்து வந்த தமிழ் அச்சுப்படிகளை அவர் திருத்திக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர் நட்டவற்றுள் நிலைத்தவை சில, நிலையாதவை சில. தமிழ்வழி மருத்துவ வகுப்பு அவர் சென்றபின் நெடுங்காலம் நடைபெறவில்லை. அவரது நூல்கள் அரிய ஏடுகளாய் நூலகங்களிற் புகுந்தன. சொற்களும் மாறின. சுகரணம் என்றால் இன்று விளங்குவார் இல்லை, உடற்றொழிலியல் என்கிறோம். கெமிஸ்தம் இலங்கையில் இரசாயனவியலாகவும் தமிழகத்தில் வேதியியலாகவும் மாறிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டில் மருத்துவபீடம் அமைந்தபோதும் போதனைமொழி ஆங்கிலமே ஆயிற்று. மறுபுறம், மானிப்பாயில் அவர் பணிசெய்த வைத்தியசாலை அவர் பெயரையே தாங்கி, கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையாக விளங்குகின்றது. தமிழில் அறிவியல் எழுத முடியுமா என்று எவரேனும் ஐயுறும்போதெல்லாம், முடிந்தது என்பதற்குச் சாட்சியாக அவர் நூல்கள் எடுத்துக் காட்டப்படுகின்றன.

இன்று மருத்துவ மாணவர் ஆங்கிலத்திற் கற்று, நோயாளியிடம் தமிழிற் பேசுகின்றனர். தன் நோயின் பெயரை அறியாமல், மருந்தின் பயனைக் கேட்கத் துணியாமல், கையில் ஒரு சீட்டோடு வைத்தியசாலை வாசலில் நிற்கும் முதியவர்களை எங்கும் காணலாம். வைத்தியர் அறிந்ததை நோயாளியும் அறியத்தக்க மொழியில் அறிவித்தல் வேண்டும் என்பது கிறீன் விட்டுச்சென்ற பணி. அது இன்னும் முடியவில்லை.

தொண்டர் போனபின் எஞ்சுவது யாது என்னும் கேள்விக்கு இப்போது திரும்பலாம். கட்டடம் எஞ்சலாம், அது பழுதுபடும். பெயர் எஞ்சலாம், அது மறக்கப்படும். அவ்வூர் மொழியில், அவ்வூர் மக்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அறிவே, கொடுத்தவர் இல்லாத காலத்திலும் வேலை செய்ய வல்லது. தாம் இல்லாமலே தம் வேலை நடக்கவேண்டும் என்று விரும்பி உழைத்தவர் கிறீன். ஆனால் அயல்நாட்டார் தொடங்கிவைத்ததை ஊரவர் தொடராவிடின் அதுவும் நின்றுபோகும் என்பதையும் அவர் கதையே கூறுகின்றது.

அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்துக் கல்லறையில், அவர் விரும்பியபடியே ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. பிறந்த ஊரையோ கற்ற பட்டத்தையோ அது கூறவில்லை. தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்றே அது அவரைக் குறிக்கின்றது. தமிழர் எவரும் எளிதிற் சென்று காண இயலாத ஒரு குளிர்நாட்டு மண்ணில், இருபத்தைந்து வயதிற் பருத்தித்துறையில் இறங்கிய அவ்விளைஞர், தமிழரோடு தமக்கிருந்த உறவொன்றையே தம் அடையாளமாகச் சொல்லி உறங்குகிறார்.